மீன் கிடங்கில் மலர்ந்த ஓவியம்



நம் பள்ளித் திடலின் ஓரத்தில் நின்று கிழக்கே நோக்கினால், துருவேறிய தகரக் கூரையும் கருத்த சுவர்களும் கொண்ட உயரமான கட்டடம் ஒன்று தெரியும். அதன் கதவு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, அது பேய் வீடா?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டிற்குச் சென்ற பிறகு அவ்வினா என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில், அவனுடைய பாட்டியார் தம் இளமைக் காலத்தையெல்லாம் உழைத்துக் கழித்த இடம் அதுவே.

அது பேய் வீடு அன்று, புகைக்கூடம். இரப்பர்ப் பாலை அமிலம் கலந்து உறையவைத்து, உருளைகளுக்கிடையே கொடுத்துத் தாளாக்கி, அத்தாள்களைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையிலும் வெப்பத்திலும் நான்கைந்து நாள்கள் உலர்த்திய இடம். புகை பட்ட தாள் பூஞ்சணம் பிடிக்காது. கப்பலேறிக் கடல் கடந்தாலும் கெடாது. தோட்டத்தில் இரப்பர் மரங்களை அகற்றிச் செம்பனை நட்ட பின் அக்கூடத்திற்கு வேலை இல்லாமல் போயிற்று. சில காலம் உர மூட்டைகளை அடுக்கினர். பிறகு பூட்டிவிட்டனர். இப்பொழுது அதனை இடிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது.

தொழில் போன பின் தொழிற்கூடம் என்ன ஆகும்? இடிந்து விழத்தான் வேண்டுமா? இவ்வினாவிற்கு விடை தேடும்போது, கடல் கடந்த நாட்டுக் கட்டடம் ஒன்று என் நினைவிற்கு வருகிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், ஓவியப் பாட விரிவுரையாளர் ஒருவர் அட்டைத் துண்டில் தீட்டிய படகுப் படம் ஒன்றின் அச்சுப்படியை எங்களுக்குக் காட்டினார். அதனைத் தீட்டியவர் வாழ்ந்த ஊரைப் பற்றிப் பின்னர்த் தேடிப் படித்தேன். அவ்வூரின் கதையைத்தான் இங்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஊரும் கடலும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்னும் மாவட்டம் உண்டு. அது கடலுக்குள் நீட்டிய கால் போன்ற நிலம். அங்கே செயிண்ட் ஐவ்ஸ் என்பது பழமையான மீன்பிடி ஊர். அவ்வூரின் ஒரு புறத்தில் படகுகள் தங்கும் துறைமுகம். மறு புறத்தில் வடக்கு நோக்கிய போர்த்மியர்க் கடற்கரை. இரண்டிற்கும் இடையே மீனவர் வீடுகள் நெருங்கி நிற்கும் குறுகலான தெருக்கள்.

போர்த்மியர் மணற்பரப்பின் விளிம்பில், அலைகள் மோதும் சுவரின் மீது நீண்ட கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எழுந்து, பின்னர்ப் பல முறை விரிவாக்கப்பட்ட அதற்கு இன்று 'போர்த்மியர் ஓவியக் கூடங்கள்' என்று பெயர். ஆனால் அதனைக் கட்டியவர்கள் ஓவியத்திற்காகக் கட்டவில்லை, மீனுக்காகக் கட்டினார்கள்.

கீழ்த்தளத்தில் மீன்

அவ்வூருக்குச் சோறு போட்ட மீனின் பெயர் பில்சர்டு. நாம் டின்னில் வாங்கி உண்ணும் சார்டின் மீனின் இனத்தைச் சேர்ந்தது அது. கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் இம்மீன்கள் பெருங்கூட்டமாகக் கரையை நெருங்கி வரும். குன்றின் மேல் காவற்காரர் ஒருவர் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். நீரின் நிறம் மாறி, மேலே கடற்பறவைகள் வட்டமிடுவதைக் கண்டதும் அவர் உரக்கக் குரல் எழுப்புவார். ஊரே கடற்கரைக்கு ஓடும். அவர் இரு கைகளாலும் காட்டும் அடையாளங்களைப் பார்த்துப் படகோட்டிகள் பெரிய வலையால் மீன் கூட்டத்தை வளைப்பார்கள். நல்ல பருவத்தில் ஒரே வளைப்பில் இலட்சக்கணக்கான மீன்கள் அகப்பட்டதுண்டு.

அத்தனை மீனையும் ஒரே நாளில் விற்க இயலுமா? இயலாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். உப்பு ஒன்றே வழி. ஆகவே மீன்கள் கூடை கூடையாகக் கிடங்கின் கீழ்த்தளத்திற்கு வந்தன. பெண்களும் சிறுவர்களும் விளக்கொளியில் இரவும் பகலும் நின்று, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று சுவரோரமாக அடுக்கினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அப்படியே கிடந்த பின், கழுவிப் பெரிய பீப்பாய்களில் நிரப்பினார்கள். ஒரு பீப்பாயில் சுமார் 3,000 மீன்கள் அடங்கும்.

அறிவியல் பாடத்தில் நெம்புகோல் பற்றிப் படித்திருப்பீர்கள். அது இங்கே எவ்வாறு பயன்பட்டது பாருங்கள். பீப்பாயின் மீது ஒரு மூடியை வைப்பார்கள். நீண்ட மரக்கழியின் ஒரு முனையைக் கிடங்குச் சுவரில் உள்ள துளையில் செருகி, கழியை மூடியின் மீது படியவிட்டு, அதன் மறுமுனையில் பெருங்கல்லைத் தொங்கவிடுவார்கள். கல்லின் பாரம் பல மடங்காகிப் பீப்பாயை அழுத்தும்; மீனிலிருந்து எண்ணெய் வடியும். சாய்வான தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே அவ்வெண்ணெய் ஒரு குழியில் சேரும். விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் அது பயன்பட்டது. எஞ்சிய உப்பும் மீன் கழிவும் வயலுக்கு உரமாயின. பீப்பாய்களோ கப்பலேறி இத்தாலி நாட்டிற்குச் சென்றன. கத்தோலிக்க மக்கள் இறைச்சி உண்ணாது நோன்பிருக்கும் நாள்களில் அம்மீனே அவர்களுக்கு உணவாயிற்று.

அவர்கள் உப்பினால் மீனைக் காத்தார்கள்; நம் தோட்டத்தார் புகையினால் இரப்பரைக் காத்தார்கள். கெடும் பொருளைக் கெடாமல் காத்துக் கப்பலேற்றுவதே இரண்டு கூடங்களின் தொழிலும்.

மேல்மாடியில் வலையும் பாயும்

கிடங்கின் மேல்மாடி காற்றோட்டமான அகன்ற கூடம். அங்கே வலைகளைப் பரப்பிக் கிழிசல் தைத்தார்கள். படகுகளின் பாய்களை வெட்டித் தைத்துச் சுருட்டி வைத்தார்கள். பருத்தி வலையும் பாயும் கடல்நீரில் நனைந்து நனைந்து விரைவில் மக்கிவிடும். அவ்வாறு மக்காமல் இருக்க, கொதிக்கும் கஷாயம் ஒன்றில் அவற்றை அவ்வப்போது ஊறவைத்துக் காயவிட்டார்கள். முதலில் ஓக் மரப்பட்டையைப் பயன்படுத்திய அவர்கள், பின்னர்க் கிழக்கு நாடுகளிலிருந்து வந்த ஒரு பொருளைக் கைக்கொண்டார்கள். அது என்ன தெரியுமா? கருங்காலி மரத்தின் வயிரத்தைக் காய்ச்சி எடுக்கும் காசுக்கட்டி! நம் பாட்டிமார் வெற்றிலையோடு சேர்த்து மென்ற அதே காசுக்கட்டிதான். அதில் உள்ள துவர்ப்புப் பொருள் நூலை மக்கவிடாது. செங்காவி நிறம் ஏறிய பாய்கள் அத்துறைமுகத்தின் அடையாளமாயின. நம் நாட்டு மலாய் மீனவரும் சதுப்பு நிலக் காட்டு மரப்பட்டைச் சாற்றில் வலைகளைத் தோய்த்து இதே பயனைப் பெற்றார்கள். ஒருவரையொருவர் காணாத இரு கரை மக்கள் ஒரே நுட்பத்தைக் கண்டறிந்திருந்தனர் என்பது வியப்பன்றோ!

தொழில் தளர்ந்தது, இரயில் வந்தது

1877ஆம் ஆண்டு செயிண்ட் ஐவ்ஸ் ஊருக்கு இரயில் பாதை வந்தது. பச்சை மீனை விரைவாக இலண்டன் சந்தைக்கு அனுப்ப வழி பிறந்தது என்று மீனவர் மகிழ்ந்தனர். ஆனால் மீனைக் கொண்டு செல்ல வந்த இரயில், திரும்பும்போது மனிதரைக் கொண்டு வந்தது. கடற்காற்று வாங்க வந்தவர் சிலர். படம் தீட்ட வந்தவர் சிலர். விஸ்லர் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1884ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கிப் படம் தீட்டினார்.

பில்சர்டு மீன்களோ மெல்ல மெல்லக் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை கரையோரம் கூட்டமாக வருவது அரிதாயிற்று. படகுகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டதும் பாய்க்குத் தேவை குறைந்தது. பாய் தைத்த மாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

மாடியில் ஓவியர்

1880களிலேயே ஓவியர்கள் இம்மாடிகளை வாடகைக்குக் கேட்கத் தொடங்கியிருந்தனர். காரணம் என்ன? முதலாவது, இடம். ஒரு பெரிய பாயை விரிக்கத்தக்க கூடம் ஒரு பெரிய ஓவியச் சட்டத்தை நிறுத்தவும் போதுமானது. இரண்டாவது, வாடகை குறைவு. மூன்றாவதுதான் மிக முக்கியம்; அது வெளிச்சம்.

இங்கிலாந்து நிலநடுக்கோட்டிற்கு வெகு வடக்கே உள்ளது. நம் நாட்டில் நண்பகற் சூரியன் சில மாதங்கள் வடபுறமும் சில மாதங்கள் தென்புறமும் சாய்ந்து நிற்கும். அங்கேயோ நண்பகற் சூரியன் எப்பொழுதும் தெற்கு வானில்தான் இருக்கும். ஆகவே வடக்குச் சன்னல் வழியே நேர்வெயில் பெரும்பாலும் நுழையாது. வானத்தின் ஒளி மட்டும் ஒரே சீராக வரும். நிழல் ஓடாது, வண்ணம் மாறித் தோன்றாது. ஓவியர் விரும்புவது அவ்வொளியையே. போர்த்மியர்க் கட்டடம் வடக்கே கடலைப் பார்த்து நின்றது. கூரையிலும் சுவரிலும் பெரிய கண்ணாடிச் சன்னல்களைப் பொருத்தியதும், பாய் தைத்த மாடி ஓவியக் கூடமாயிற்று.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். மாடிக்கு ஓவியர் வந்ததனால் கீழே இருந்த மீனவர் வெளியேறவில்லை. மேலே தூரிகை, கீழே வலை. மேலே எண்ணெய் வண்ணத்தின் மணம், கீழே மீனின் மணம். ஓவியர் கொடுத்த வாடகை கூரையைக் காத்தது. மீனவர் குடும்பங்கள் தம் வீட்டு அறைகளையும் வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தன. மனத்தாங்கலும் இல்லாமல் இல்லை. சமயப் பற்று மிக்க அம்மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் படகை இறக்கமாட்டார்கள். அந்நாளில் தெருவில் அமர்ந்து படம் தீட்டிய ஓவியரைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆயினும் ஒரே கூரையின் கீழ் இருதிறத்தாரும் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக வாழ்ந்து காட்டினர்.

1938ஆம் ஆண்டு லெனார்ட் ஃபுல்லர், போர்லேஸ் ஸ்மார்ட் என்னும் ஓவியர்கள் அவ்வூரில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். போர்த்மியர்க் கட்டடத்தில் நடைபெறும் அப்பள்ளி இன்றும் கற்பித்து வருகிறது. 1949இல் பென் நிக்கல்சன் என்னும் ஓவியர் அக்கட்டடத்தில் 5ஆம் எண் கூடத்தைப் பெற்றார். அகன்ற இடம் கிடைத்ததும் அவர் தீட்டிய படங்களும் பெரியனவாயின. அவர் 1958இல் ஊரை விட்டு நீங்க, பேட்ரிக் ஹெரன் என்னும் ஓவியர் அக்கூடத்திற்கு வந்து, 1999இல் மறையும் வரை அங்கேயே வண்ணங்களோடு வாழ்ந்தார். பிரான்சிஸ் பேக்கன் என்னும் ஓவியரும் 1959இல் அங்கே சில மாதங்கள் பணிபுரிந்தார்.

மீனவர் கையில் தூரிகை

கல்லூரியில் நான் கண்ட அட்டைப் படத்தை வரைந்தவர் இப்பெரிய ஓவியர்களுள் ஒருவரல்லர். அவர் ஆல்பிரட் வாலிஸ் என்னும் முதியவர். இளமையில் கடலோடியவர், பின்னர்ச் செயிண்ட் ஐவ்ஸ் ஊரில் பழைய இரும்பு, கயிறு, கிழிந்த பாய் ஆகியவற்றை வாங்கி விற்றுப் பிழைத்தவர். போர்த்மியர்க் கட்டடம் நிற்கும் அதே தெருவில் அவருடைய சிறிய வீடு இருந்தது. 1922இல் மனைவியை இழந்தார். தனிமை தாங்காது, எழுபது வயதை எட்டிய நிலையில், 1925இல் படம் வரையத் தொடங்கினார். எந்தப் பள்ளியிலும் ஓவியம் கற்றவரல்லர். கடைக்காரர் கொடுத்த அட்டைப் பெட்டித் துண்டுகளில், படகுக்குப் பூசும் வண்ணத்தைக் கொண்டு, தாம் கண்ட பாய்மரப் படகுகளையும் கலங்கரை விளக்கையும் கடலையும் நினைவிலிருந்து வரைந்தார். அட்டை எந்த வடிவில் கிழிந்திருந்ததோ அந்த வடிவிற்கேற்பப் படமும் அமைந்தது.

1928இல் பென் நிக்கல்சனும் அவர் நண்பர் கிறிஸ்டபர் வுட்டும் அத்தெரு வழியே நடந்தபோது, திறந்திருந்த கதவின் வழியே சுவரெங்கும் அடித்திருந்த படங்களைக் கண்டு வியந்து நின்றனர். கற்ற ஓவியர் கல்லாத முதியவரிடம் கற்றுக்கொண்டனர். ஆயினும் அவருடைய வறுமை தீரவில்லை. 1942இல் ஏழையர் விடுதி ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. இன்று அவர் படங்கள் பெரிய காட்சிக் கூடங்களில் பேணப்படுகின்றன.

போர்த்மியர்க் கடற்கரையை நோக்கிய குன்றில் அவருடைய கல்லறை உள்ளது. அதன் மீது பதித்துள்ள ஓடுகளைச் செய்தவர் பெர்னார்ட் லீச் என்னும் குயவர். இவர் இளமையில் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் என்பது நமக்கு ஒரு நெருக்கமான செய்தி. 1920இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமடாவுடன் செயிண்ட் ஐவ்ஸ் ஊருக்கு வந்து சூளை அமைத்தவர் அவர்.

காத்தவர்கள் யார்?

பழைய கட்டடம் தானாக நிலைப்பதில்லை. போர்லேஸ் ஸ்மார்ட் 1947இல் மறைந்தார். அவர் நினைவாக நண்பர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்துக் கலை மன்றத்தின் துணையோடு 1949இல் போர்த்மியர்க் கட்டடத்தை விலைக்கு வாங்கினர். ஆதாயம் கருதி ஒருவர் விற்றுவிட முடியாதபடி அது பொதுவுடைமை போன்ற நிலையை அடைந்தது.

ஆனாலும் கடல் ஓயாது மோதியது, கடலுப்புக் கல்லை அரித்தது, கூரை ஒழுகியது. 2010ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் கட்டடம் முழுவதையும் பெருஞ்செலவில் பழுதுபார்த்தனர். அப்பொழுது ஓவியர் சிந்திய வண்ணத் துளிகளைச் சுவரினின்று சுரண்டிவிடவில்லை. மீன் கிடங்கின் பழைய தரையையும் பெயர்த்துவிடவில்லை. மீனவருக்குரிய கீழறைகளை மீனவருக்கே விட்டு வைத்தனர். வலையும் கயிறும் வைக்கும் மீனவர் கீழேயும், ஓவியரும் ஓவிய மாணவரும் மேலேயுமாக அது இன்றும் உழைக்கும் கட்டடமாகவே நிற்கிறது.

ஒரு குறை

நல்லதை மட்டும் சொல்லி அல்லதை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. ஓவியரின் புகழால் ஊர் புகழ் பெற்றது. பழைய எரிவாயு ஆலை நின்ற இடத்தில் 1993இல் பெரிய கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. பயணிகள் திரண்டனர். வெளியூர்ச் செல்வர் மீனவர் வீடுகளை விடுமுறை வீடுகளாக வாங்கினர்; வீட்டு விலை ஏறியது. அவ்வூரில் பிறந்த இளைஞர்க்கே அவ்வூரில் வீடு வாங்க வழியில்லாமல் போயிற்று. புதிதாகக் கட்டும் வீடுகள் அவ்வூரில் நிலையாக வாழ்வோர்க்கே உரியனவாக இருத்தல் வேண்டும் என்னும் திட்டம் 2016இல் வாக்கெடுப்பிற்கு வந்தது. வாக்களித்தோருள் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேல் அதனை ஆதரித்தனர். கட்டடத்தைக் காப்பதைக் காட்டிலும், அதில் உழைத்த மக்களை அவ்வூரிலேயே வாழச் செய்வது அரிய செயல் என்பதை இதனால் அறிகிறோம்.

நமக்கு என்ன பாடம்?

போர்த்மியர்க் கட்டடம் பிழைத்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். பழைய வடிவம் புதிய தொழிலுக்குப் பொருந்தியது. புதியவர் வந்தபோது பழையவர் துரத்தப்படவில்லை. அதன் அருமை அறிந்தவர் தக்க நேரத்தில் முன்வந்தனர்.

நம் புகைக்கூடத்திற்கு இம்மூன்றும் வாய்க்குமா? நான் அறியேன். அது நமக்குச் சொந்தமானதன்று, தோட்ட நிர்வாகத்தினுடையது. ஓர் எளிய தலைமையாசிரியன் நிர்வாகத்திற்குக் கடிதம் எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை. ஆனால் எவரிடமும் இசைவு கேட்காமல் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு.

'பேய் வீடா?' என்று கேட்ட மாணவனை அவனுடைய பாட்டியாரிடமே கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் பாட்டியாரே பள்ளிக்கு வந்துவிட்டார். விடியுமுன் எழுந்து பால் வெட்டியதையும், தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மாசு பார்த்துத் தரம் பிரித்ததையும், கண்ணீர் வழியப் புகைக்குள் சென்று வந்ததையும் அரை மணி நேரம் வகுப்பில் எடுத்துரைத்தார். மாணவர்கள் அசையாமல் கேட்டனர். இறுதியில் அவர் சன்னல் வழியே கைநீட்டி, "அந்த மூணாவது கதவுதான் என் கதவு" என்றார். அன்று முதல் எந்த மாணவனும் அதனைப் பேய் வீடு என்று சொல்வதில்லை.

எனவே, மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் ஒரு கடமையை மேற்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் சென்று, அவர்கள் எந்தக் கூடத்தில், எந்தக் கருவியைக் கொண்டு, எவ்வாறு உழைத்தார்கள் என்று கேளுங்கள். அக்கருவியின் பெயரை எழுதுங்கள், படம் வரையுங்கள். நல்ல தாளும் வண்ணமும் இல்லையே என்று தயங்க வேண்டா. அட்டைத் துண்டே போதும். முதியவர் வாலிஸ் அவ்வாறுதான் தொடங்கினார். பள்ளி திறந்ததும் அவற்றைக் கொண்டு வாருங்கள். நம் மண்டபச் சுவரில் வரிசையாக மாட்டி வைப்போம். கூடம் நின்றாலும் இடிந்தாலும், அதில் உழைத்தவரின் பெயர் உங்கள் கையெழுத்தில் நிற்கட்டும்.

– தலைமையாசிரியர்